சீமந்த வீணையும் கருவின் செவியும்

கருவுற்ற மாதர்க்கு இன்னிசை கேட்பித்தால் வயிற்றிலுள்ள மகவு நுண்ணறிவுடையதாய்ப் பிறக்கும் என்னும் ஒரு கொள்கை இந்நாளில் எங்கும் பரவி வழங்குகின்றது. அதனை நம்பி ஒலிக்கருவிகளை வயிற்றின்மேற் பிணித்துக்கொள்வாரும், இன்ன நாட்டு இன்ன இசைப்புலவரது இசையே பயன் தருவதென விலைகொடுத்து வாங்குவாரும் உளர். நம்மவருள் ஒருசாரார், இது மேனாட்டார் புதிதாகக் கண்டது என்பர். மற்றொரு சாரார், இது நம் முன்னோர் சீமந்தச் சடங்கிற் பண்டே விதித்தது, மேனாட்டார் அதனை இன்று மெய்ப்பித்தனர் என்பர். இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்துவன அல்ல. பழைய நூல்கள் விதித்தது யாது, நம் அருளாளர் உரைத்தது யாது, புதிய ஆராய்ச்சி காட்டியது யாது என மூன்றையும் வேறுவேறு வைத்து நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குமிடத்து, இருசாராராலும் மறக்கப்பட்ட ஒருவர் நம் கண்முன் வந்து நிற்பர். அவர் தாய்.

முதற்கண் சீமந்தத்தை ஆராய்வாம். சீமந்தோந்நயனம் என்பது கருவுற்றாளது கூந்தலை நெற்றியினின்றும் மேல்நோக்கி வகிர்ந்துவிடும் சடங்கு. சீமந்தம் என்பது வகிடு. உந்நயனம் என்பது மேலே கொணர்தல். இதனை விதிக்கும் கிருகிய சூத்திரங்கள் பெரும்பாலும் கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பாதியில் எழுந்தன என்பர் ஆராய்ச்சியாளர். சடங்குக்குரிய மாதம் நூல்தோறும் வேறுபடும். ஆசுவலாயனரும் ஆபத்தம்பரும் நான்காம் மாதம் என்றனர். சாங்காயனர் ஏழாம் மாதம் என்றனர். பாரத்கரர் ஆறாம் மாதமாவது எட்டாம் மாதமாவது ஆகுக என்றனர். கணவன், பழுக்காத அத்திக்காய்க் கொத்தும், மூன்றிடத்து வெண்மை பொருந்திய முள்ளம்பன்றி முள்ளும், தருப்பைப் புற்கற்றைகளும் கொண்டு மனைவியின் வகிட்டை மேனோக்கித் திருத்துவன். அத்தி காய்மிகுதியாற் பெயர்பெற்ற மரமாதலின், மகப்பேற்றின் வளத்தைக் குறித்து நின்றது போலும்.

இதனையடுத்து வருவதே நாம் கருதிய செய்தி. வீணையிற் பாடுவார் இருவரை நோக்கி, 'பாடுமின்' எனக் கணவன் ஏவுக என்று ஆசுவலாயனர் விதித்தனர். பாரத்கரரும் ஆபத்தம்பரும் சாங்காயனரும் அவ்வாறே கூறினர். ஆகவே கருவுற்றாள் முன்னிலையில் வீணையிசை முழங்குதல் ஒரு நூலில் மட்டும் காணப்படும் அருகிய வழக்கன்று; பல சாகையாரும் போற்றிய பொதுவழக்கு என்பது போதரும். அக்காலத்து வீணை இக்காலத்துத் தஞ்சாவூர் வீணை போல்வதன்று என்பதையும் ஈண்டு நினைவு கூர்தல் தகும். அது வில்போல் வளைந்த தண்டில் நரம்புகள் கட்டப்பெற்று, நம் பழைய யாழொடு ஒத்த கருவி என்பர் இசை வரலாற்றார்.

அவ்விருவரும் பாடியது யாது? தெய்வத்தின் பெருமையோ எனின், ஒருவாற்றான் ஆம். அரசனைப் பாடுக என்றும், அவனினும் வீரமிக்கார் உளராயின் அவரைப் பாடுக என்றும் பாரத்கரர் கூறினர். சோமனாகிய அரசனைப் பாடுக என்றனர் ஆசுவலாயனர். ஆபத்தம்பர் நெறியில் இருவேறு பாட்டுக்கள் உள. ஒன்று, யமுனைக் கரையில் அமர்ந்த சாலுவ நாட்டு மகளிர் தம் அரசன் பெயரைச் சொல்லிப் பெருமிதமுறுவதாக அமைந்தது, மற்றொன்று அந்தணர்க்குரியது, சோமனை அரசனாகக் கூறுவது. இப்பாட்டின்கண், சடங்கு செய்வார் எந்த யாற்றின் அருகே வாழ்கின்றனரோ அந்த யாற்றின் பெயரை அமைத்துக்கொள்க என்பது விதி. தெற்கே வாழும் ஆபத்தம்ப சூத்திரத்தார் காவிரியின் பெயரை அவ்விடத்தில் வைத்துச் சொல்லுதல் இவ்விதியின் வழியதே. எனவே, எங்கோ ஒரு நாட்டில் எழுந்த மந்திரம், தான் செல்லுமிடத்து நீரின் பெயரை ஏற்று அவ்விடத்ததாகவே ஆகின்றது. பிறக்கவிருக்கும் மகவுக்கு உரிய நாடும் நீரும் இவை என்று, அது பிறக்கு முன்னரே பாட்டாற் கூறி வைத்தனர் முன்னோர்.

இனி, இவ்விசை யார்பொருட்டு எழுந்தது என்பதே வினா. கருவின் செவிக்கு இவ்வீணை கேட்கும், கேட்டதனால் அதன் அறிவு பெருகும் என்று இச்சூத்திரங்கள் யாண்டும் வெளிப்படக் கூறவில்லை. அங்ஙனம் கூறினவாக இக்காலத்தார் சிலர் எழுதுவது தம் விருப்பத்தை நூலின்மேல் ஏற்றிக் கூறுதலேயாம். நூல்கள் கூறுவன வேறு. சாங்காயனர், கணவன் அவளை மகிழ்ந்து பாடுமாறு செய்க என்றும், அவள் பொன்னணிகள் பல பூண்டிருத்தலும் ஆம் என்றும் விதித்தனர். இது மிகவும் உற்றுநோக்கத் தக்கது. பாடுவார் இருவர் பாடிய அளவில் சடங்கு முற்றுப்பெறவில்லை. கருவுற்றவளே பாடுதல் வேண்டும், அதுவும் மகிழ்ந்து பாடுதல் வேண்டும். ஆசுவலாயனரோ, கணவரும் மக்களும் உயிரோடிருக்கப்பெற்ற மூத்த பார்ப்பனப் பெண்டிர் எவ்வெவற்றைச் செய்யச் சொல்லுகின்றனரோ அவ்வவற்றைச் செய்க என்று அமைத்தனர். மந்திரமும் விதியும் ஆடவர் கையில் இருந்த ஒரு வேள்விநெறியில், இவ்வொரு நிலையில் நூலாசிரியர் தாம் விலகிநின்று, பிள்ளை பெற்றறிந்த பெண்டிரின் சொல்லையே விதியாக ஏற்றனர். அச்சமும் தளர்ச்சியும் உடைய ஒரு பெண்ணைச் சூழ்ந்து, அவள் மனம் மலர்தற்கு வேண்டுவன செய்தலே இச்சடங்கின் உள்ளீடு என்பது இவற்றால் இனிது விளங்கும்.

மருத்துவ நூலார் கருத்தும் இதற்கு அரணாகும். நான்காம் மாதத்திற் கருவின் இதயம் வெளிப்படுதலால், அப்பொழுது தாய் இரண்டு இதயம் உடையவள் ஆகின்றாள் எனச் சுசுருத சங்கிதை கூறும். அதனாலேயே அவளது விருப்பம் அவள் ஒருத்தியின் விருப்பமன்று என்று கொண்டு, அதனை மறாது நிறைவேற்றுக என்றனர். சரக சங்கிதை, கருவுக்குக் கேடு விளைப்பனவற்றை எண்ணுமிடத்து, மிகக் குலுக்கும் ஊர்திகளிற் செல்லுதலோடு, விரும்பத்தகாதனவற்றையும் அளவிறந்தனவற்றையும் கேட்டலையும் சேர்த்து எண்ணியது. இன்னிசையைக் கொண்டு கருவை வல்லதாக்குக என்று அவர் கூறினாரல்லர்; வன்மொழியாலும் பேரோசையாலும் தாயை வருத்தற்க என்றே விலக்கினர். விதியினும் இவ்விலக்கே இன்று நமக்குப் பெரிதும் பயன்படுவது.

அற்றேல், கருவிலிருந்தே கேட்டு அறிந்த மக்களின் வரலாறுகள் இதிகாச புராணங்களிற் காணப்படுகின்றனவே எனின், அவற்றையும் நோக்குவாம். மைந்தர் நூற்றுவரை இழந்த வசிட்டர் உயிர்விடத் துணிந்து அலைந்து, தம் ஆசிரமத்தை நோக்கி மீளுங்கால், பின்னே வேதம் ஆறங்கங்களோடும் ஓதப்படும் ஒலியைக் கேட்டனர். யார் ஓதுவது என வினவ, அவர்தம் மகன் சத்தியின் மனைவி அதிருசியந்தி, 'என் வயிற்றிலுள்ள நும் பேரனே ஓதுகின்றான்' என்றனள். குலம் அறவில்லை என்று தெளிந்த வசிட்டர் இறத்தலைத் தவிர்ந்தனர். அக்கருவே பராசரர். இது மாபாரதம் ஆதிபருவத்துள்ளது. வனபருவத்தில், தந்தை வேதம் ஓதுதலிற் பிழை கண்டு கருவினுள்ளிருந்தே கூறிச் சாபம் பெற்ற அட்டாவக்கிரர் வரலாறு காணப்படும். நாரதர் தாய்க்கு உரைத்ததைக் கருவிலிருந்து கேட்ட பிரகலாதன் வரலாறு பாகவதத்தது. ஆண்டுத் தாய் மறந்தனள், மகவு மறந்திலது. அபிமன்யு கருவிலிருந்து சக்கரவியூகத்தைக் கேட்டான் என்னும் கதை உலகவழக்கிற் பெரிது. ஆயினும் வியாச பாரதத்துத் துரோண பருவத்தில் அவன் கூறுவது, படையணியைப் பிளந்து புகும் முறையைத் தந்தை தனக்குக் கற்பித்தான், மீளும் முறையை அறியேன் என்னும் அளவே.

இவ்வரலாறுகளுள் ஒன்றேனும், சாதாரணமாய்ப் பிறக்கும் மகவைப் பேரறிவினதாகச் செய்தற்கு ஒரு முறை கற்பிப்பதாக இல்லை. அவை முன்னைத் தவத்தின் முதிர்ச்சியையும், அருளின் இயல்பையும் உணர்த்த எழுந்தன. வசிட்டர் வரலாற்றிற் கருவின் ஓசையாற் காக்கப்பட்டவர், கருவன்று, முதியவர் என்பதும் சிந்திக்கத்தக்கது.

தமிழ் மறைகளிற் கருவைப்பற்றிய மொழிகள் பல உள. திருமூலர் திருமந்திரம் இரண்டாந் தந்திரத்திற் கர்ப்பக்கிரியை என ஒரு பகுதியே வகுத்தனர். மாணிக்கவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில், கரு மாதந்தோறும் எவ்வெவ் விடையூறுகளுக்குத் தப்பிப் பிழைத்துப் புறம்போந்தது என்பதை முறையே எண்ணிக் காட்டியருளினர். அப்பர் சுவாமிகள், கல்லே மிதப்பாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில் அருளிய திருவிருத்தத்தில், தாம் கருவாய்க் கிடந்தபொழுதே இறைவன் திருவடியை நினையும் கருத்துடையராய் இருந்தமையையும், உருப்பெற்று வந்தபின் அவன் திருநாமத்தைப் பயின்றமையையும் வேறுபிரித்து உரைத்தனர். கருவில் நிகழ்ந்தது நினைவு. பிறந்தபின் நிகழ்ந்தது பயிற்சி. இவ்விரண்டையும் மயங்காது கூறிய நுட்பம் ஓர்ந்து மகிழற்பாலது. மாதினியார் வயிற்றில் அவரிருந்தபொழுது இன்ன பாட்டு இசைக்கப்பட்டது என்று சேக்கிழார் கூறினாரல்லர்.

சேக்கிழார் கூறிய மற்றொரு வரலாறு ஈண்டைக்கு மிக இயைபுடையது. சோழன் சுபதேவன் தேவி கமலவதியார் கருவுயிர்க்கும் பொழுதில், ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் இக்குழந்தை மூவுலகும் ஆளும் எனக் காலக்கணிதர் உரைத்தனர். அது கேட்ட அம்மையார், தம் காலைப் பிணித்துத் தலைகீழாகத் தூக்கும்படி பணித்து, அவ்வொரு நாழிகையும் பொறுத்தனர். உரிய காலத்திற் பிறந்த மகவின் கண் சிவந்திருந்தமை கண்டு, கோச்செங்கண்ணானோ என்று அழைத்து, அப்பொழுதே உயிர்நீத்தனர். கோச்செங்கட் சோழர் திருவானைக்காவில் முற்பிறப்பிற் சிலந்தியாய்ச் செய்த தொண்டினால் அரசராயினர் என்பதே புராணத்தின் துணிபு. ஆயினும், மகவு சிறக்கவேண்டும் என்று பிறர் குறித்த ஒரு நாழிகைக்கு விலையாகச் சென்றது ஒரு தாயின் உயிர் என்பதை இதனைக் கற்குந்தோறும் நெஞ்சு நினையாதிராது. மகவை மேம்படுத்தும் வழி என்று யார் எதைக் கூறினும், அதன் சுமை தாயின் உடம்பின்மேல் விழுகின்றது.

இனிப் புதிய ஆராய்ச்சியைக் காண்பாம். 1925-ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் ஆல்பிரெக்ட் பைப்பர் என்பார், மோட்டார் வண்டியின் ஊதொலிக்குக் கரு அசைதலைக் குறித்து எழுதினர். பின்வந்தோர் ஆராய்ச்சியால், செவியின் உள்ளுறுப்பு ஏறக்குறைய 20 வாரத்தில் உருவாகிவிடுதலும், ஏழாம் மாத அளவிற் கரு ஓசைக்குத் தவறாது அசைவு காட்டுதலும் தெளிவாயின. புறத்து ஓசை தாயின் தசையையும் கருப்பை நீரையும் கடந்து செல்லுங்கால், உயர்ந்த ஒலிகள் மங்கிப்போகத் தாழ்ந்த ஒலிகளே பெரும்பாலும் உட்புகும். ஆகவே வீணையின் நுண்ணிய கமகங்கள் நாம் கேட்குமாறு கருவுக்குக் கேளா. பாட்டின் ஏற்ற இறக்கமும் நடையுமே கேட்கும். தாயின் குரலோ புறத்தினின்றும் வருவதோடு, அவள் உடம்பின் வழியாகவும் நேரே சென்று எட்டுகின்றது.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டிகாஸ்பரும் பைபரும், பிறந்து மூன்று நாள் நிரம்பாத குழவிகள் பிற மாதர் குரலினும் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்டலை, அவை முலைக்காம்பு போன்ற ஒரு கருவியைச் சுவைக்கும் முறையால் அளந்து காட்டினர். 1986-இல் டிகாஸ்பரும் ஸ்பென்சும், கருவுற்றார் இறுதி ஆறு வாரங்களில் நாடோறும் இருமுறை ஒரு கதையை உரக்கப் படித்துவரச் செய்து, பிறந்த குழவிகள் அக்கதையை வேறு கதையினும் விரும்பிக் கேட்டமையைக் கண்டனர். 2003-இல் கிசிலெவ்ஸ்கி முதலானோர், நிறைமாதக் கருவின் இதயத் துடிப்புத் தாய்க்குரல் கேட்குங்கால் மிகுதலையும், அயலாள் குரல் கேட்குங்காற் குறைதலையும் பதிந்தனர். 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பிரெஞ்சு மொழியாளர் குழவிகளின் அழுகை மேனோக்கி ஏறுவதாகவும், செருமானிய மொழியாளர் குழவிகளின் அழுகை கீழ்நோக்கி இறங்குவதாகவும் அமைந்து, அவ்வம்மொழியின் நடையை ஒத்திருந்தது. 2013-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர், கருவிற் பலகாற் கேட்ட ஓர் எளிய பாட்டின் சுவடு, பிறந்து நான்கு மாதம் ஆகியும் குழவியின் மூளையில் இருந்தமையைக் காட்டினர்.

இவற்றால் துணியப்படுவது, கரு கேட்கின்றது. கேட்டதைப் பிறந்தபின் அடையாளம் காண்கின்றது. தாயின் குரலையும் தாய்மொழியின் நடையையும் முதற்கண் அறிகின்றது என்பதாம். இவற்றுள் ஒன்றும், இசை கேட்ட கரு ஏனையவற்றினும் அறிவின் மிக்கதாகும் என்று காட்டவில்லை. அக்கொள்கை வேறிடத்தினின்றும் வந்தது. 1993-இல் கலிபோர்னியாவில் ரோசர் முதலிய மூவர், கல்லூரி மாணாக்கர் 36 பேர்க்கு மோட்சார்ட் என்னும் ஆத்திரிய இசைப்புலவரது இசையைப் பத்து நிமிடம் கேட்பித்து, இடவடிவங்களை உய்த்துணரும் ஒரு தேர்வில் அவர்கள் சிறிது மேம்பட்டமையையும், அம்மேம்பாடு கால்மணி நேரத்துள் மறைந்தமையையும் எழுதினர். அதிற் கருவும் இல்லை, குழவியும் இல்லை. ஆயினும் அச்செய்தி வாய்வழி பெருகி, 1998-இல் ஜார்ஜியா மாகாண ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் வேண்டும் என்று சட்டமன்றத்தைக் கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. பின்னர்ப் பலரும் சோதித்ததில், அம்மேம்பாடு மிகச் சிறிது என்றும், மோட்சார்ட் இசைக்கே உரியதன்று என்றும் தெளிந்தனர். 1997-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தார், மிக்க ஓசை கருவுக்குத் தீங்காதல் கூடும் என எச்சரித்தனர். சரகர் விலக்கும் இவர் எச்சரிக்கையும் ஒருமுகமாதல் காண்க.

சித்தாந்த நெறியில் நின்று நோக்கினும் இதுவே முடிபாகும். ஆன்மா அறிவில்லாத சடமன்று. புறத்தினின்றும் அறிவை அதனுட் புகுத்துதல் இயலாது. அது காட்டக் காணும் இயல்பினது. ஆணவ இருளில் மறைந்து கிடந்த அவ்வறிவு, உடம்பு கருவி முதலியவற்றை விளக்காகப் பெற்றுச் சிறிது சிறிதாக விளங்குகின்றது. அவ்விளக்கை ஏற்றித் தருபவன் இறைவன். செவி உருப்பெறும் காலத்து ஓசை வந்து சேர்தல், விளக்கில் நெய் வார்த்தல் போல்வது; அது வேண்டப்படுவதே. ஆனால் வினைக்கீடாக வந்த உயிரின் தரத்தை ஓர் ஒலிக்கருவி மாற்றும் என்பது நம் கோட்பாடன்று. அங்ஙனமாயின் கருவுற்றார் திருமுறை ஓதுதலாற் பயன் என்னை எனின், கூறுதும். அது முதலாவது ஓதுவார்க்குப் பயன். அவர் உள்ளம் அடங்கி இன்புறும். இரண்டாவது, அவ்வோசை மகவுக்குத் தாயின் குரலாகவே அறிமுகமாகும். பிறந்து தொட்டிலிற் கிடந்து மீண்டும் கேட்கும்பொழுது, பழகிய குரலென்று அது அமைதியுறும். இவ்வளவே பயன், இவ்வளவும் பெரும்பயனே.

இதனை வலியுறுத்தி எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. இசை கேட்பித்தால் மகவு சிறக்கும் என்று நம்புவார், மகவு எதிர்பார்த்தவாறு சிறவாதபொழுதும், குறையோடு பிறந்தபொழுதும், தாயின்மேற் பழி சுமத்துவர். தாயும் தன்னைத்தானே நொந்துகொள்வாள். கேளாச் செவியோடு பிறக்கும் மகவும் உண்டு. அதன் தாய் யாதொரு பிழையும் செய்தவளல்லள். கண்காணாதவராயிருந்தே திருவாரூர்க் குளத்தைக் கல்லிய தண்டியடிகளைத் தொழும் நாம், உறுப்பின் நிறைவை அருளின் அளவாகக் கொள்ளுதல் எவ்வாறு தகும்?

இந்நாளிற் சீமந்தம் செய்யும் மனைகளிற் பலவற்றில் வீணை இல்லை. வீணை பாடுவார்க்குரிய மந்திரத்தைப் புரோகிதரே சொல்லி முடிக்கின்றார். பெண்டிர் வீணை வாசித்துப் பாடுதல் ஒருசில மனைகளில் எஞ்சியுள்ளது. வீணை கிட்டாமை பெரிய குறையன்று. மூத்த பெண்டிர் சொற்படி நடக்க என்ற விதியும், அவள் மகிழ்ந்து பாடுக என்ற விதியும் மறைந்தனவேல், அவையே பெருங்குறை. சிவாகமங்கள் அக்கினி காரியத்தில், வாகீசுவரியின் கருப்பத்தில் அக்கினியை வைத்து, கருப்பாதானம் முதற் சீமந்தம் ஈறாகவும் அதன்மேலும் சடங்குகள் செய்து, அதனைச் சிவாக்கினியாகப் பிறப்பிக்கும் முறையை வகுத்தன. தீக்கையில் ஆன்மாவும் அத்தாயின் கருவிலே வைத்துப் பிறப்பிக்கப்படுகின்றது. ஞானப் பிறப்புக்கும் ஒரு தாய் வேண்டும் என்று கொண்ட நெறியினராகிய நாம், நம் மனையிற் கருவுற்றிருக்கும் பெண்ணை அத்தாயின் சாயலாகக் கண்டு பேணுதல் கடன். அவள்முன் வன்சொல் ஒழிக. அவள் அறிந்த பாட்டு ஒன்று, அவள் ஊர்க் கோயிலின் பதிகமாயினும் பாட்டி பாடிய தாலாட்டாயினும், அவள் குரலிலேயே எழுக. உள்ளிருந்து கேட்கும் செவிக்கு அதனினும் இனிய வீணை பிறிதில்லை.

திருச்சிற்றம்பலம்.